தொள்ளாயிரம் அடி

முல்லை பூத்திருந்தது. அதுதான் ஜெகதீஸ்வரனுக்குப் புரியவில்லை.

வீட்டு போர்வெல்லில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. காவிரித் தண்ணீர் எட்டு நாளுக்கு ஒரு தடவை குழாயில் வரும். அது குடிக்கவும் குளிக்கவும் சரியாகப் போய்விடும். அக்னி நட்சத்திரம் முடிந்து நான்கு நாள்தான் ஆகிறது. எருமப்பட்டிப் பக்கம் இன்னும் ஒரு தூறல்கூட விழவில்லை.

ஆனாலும் வாசல் பந்தலிலிருந்து பின்சுவர் வரைக்கும் பூ.

போர் போடும் ரிக் வண்டியில் ட்ரில்லராக ஆறு மாதம் வடக்கே இருந்துவிட்டு அன்று விடியற்காலையில்தான் வீடு வந்திருந்தான். ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவன். போன வருடம் சொந்த வீட்டில் அவனே நின்று ஓட்டிய போர், தொள்ளாயிரம் அடி போயும் வெறும் கல்தூள் புகையைத்தான் கக்கியது.

அதனால் இன்னொரு போர். இந்தத் தடவை ஆயிரத்து இருநூறு அடி. சாயங்காலம் வண்டி வருவதாக ஏற்பாடு. ரிக் வண்டியும் கம்ப்ரசர் வண்டியும் நிற்க இந்தத் தோட்டத்தை விட்டால் வேறு இடமில்லை.

மனைவி சாரதாமணி வேண்டாமென்று சொல்லவில்லை. "ஒரு சுத்து நடந்து பாத்துட்டு அப்பறம் வண்டிய வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்து, குடுமி விரல் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டு நடந்தான். கீழே நீரோட்டம் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும்.

பாத்திகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு நடைபாதை. சிமெண்ட் இல்லை, ஆனாலும் கெட்டியாக இருந்தது. இதை எப்போது போட்டாள்?

பட்டு ரோஜா பத்து மணி வெயிலுக்கு விரிந்துகொண்டிருந்தது. அது எந்த வறட்சிக்கும் தாங்கும், அதை விட்டுவிடலாம். ஆனால் செம்பருத்தி அப்படியல்ல. வேருக்கு இரண்டு நாள் தண்ணீர் போகவில்லையென்றால் இலை தொங்கிவிடும். ஒரு இலைகூடத் தொங்கவில்லை.

கனகாம்பரத்தின் அடியில் விரலை விட்டுப் பார்த்தான். முதல் கணுவரைக்கும் காய்ந்த மண். அதற்குக் கீழே ஈரம். மேலே ஊற்றி நனைத்த ஈரமாக இருக்க முடியாது என்று அவனுக்குப் பட்டது. கீழேயிருந்து வருகிறது.

அவன் நடை வேகமானது.

பின்சுவர் மூலையில் கல்வாழை ஆளுயரத்துக்கு நின்றது, இலை மறைய மறையச் சிவப்புப் பூவோடு. போன வருடம் அந்த மூலையைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்காது. போர் கக்கிய கல்தூள் அங்கேதான் மலையாகக் குவிந்து கிடந்தது. இப்போது அந்தக் குவியலைக் காணோம்.

கல்வாழைக்கு நேராக வந்ததும் தேங்காய் எழுந்து நின்றது.

"ஏம்புள்ள, இங்க வா. இதா பாரு, நிக்குது."

"போன வருசமும் இப்பிடித்தானுங்க எந்திரிச்சு நின்னுச்சு."

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கல்லுக்கடியில், மிக அருகில், தண்ணீர் ஓடுகிற சத்தம்.

பதினெட்டு வருடத் தொழிலில் ஊற்று ஓடுவதை அவன் காதால் கேட்டதில்லை. தேங்காயைப் போட்டுவிட்டு மண்டியிட்டான்.

"ஊத்துப் புள்ள. மேலாவே ஓடுது."

கல்வாழைத் தூரில் பரப்பிக் கிடந்த கல்சல்லியை இரண்டு கைகளாலும் விலக்கினான். விரலில் தண்ணீர் பட்டது. அள்ளி முகத்தருகே கொண்டுபோனான்.

சீயக்காய் வாசம்.

அருகிலிருந்த குளியலறைக் கதவு திறந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடித்து, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு மகள் ரஞ்சனி வெளியே வந்தாள். "அப்பா எதுக்கும்மா அதுக்குள்ள கைய உடுறாரு?"

சாரதாமணி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

ஜெகதீஸ்வரன் எழுந்திருக்கவில்லை. அவன் உள்ளங்கையில் கொஞ்சம் சல்லி ஒட்டியிருந்தது. இளஞ்சிவப்பு, அது முந்நூறு அடியில் வந்தது. கருப்பு, அது எண்ணூறுக்குப் பிறகு வந்தது. துளை போடும் ஒவ்வொரு இரும்பு ராடு இறங்கும்போதும் அள்ளி அள்ளிப் பார்த்து, ஈரமில்லை என்று அவனே கீழே போட்ட கல்.

"கல்லு மாவச் சலிச்சு எடுத்துட்டேனுங்க" என்றாள் சாரதாமணி. "மாவு இருந்தா தண்ணி எறங்காது."

"அந்த மாவ என்ன பண்ணுன?"

"இத்தன நேரம் அது மேலதான நடந்தீங்க."

அவன் திரும்பிச் சாம்பல் நிறப் பாதையைப் பார்த்தான். பிறகு கல்வாழை நின்ற அந்தச் சல்லிக் குழியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினான், முதன்முதலாக ரிக் வண்டியைப் பார்த்த நாளில் ஓடியதுபோல. மேல் முனையில் குளியலறைத் தண்ணீர் விழுந்தது. நடுவில் கல்வாழை வேர் சோப்பு அழுக்கைப் பிடித்துக்கொண்டது. கீழ் முனையில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மைப் புதைத்திருந்தாள். அதில் தண்ணீர் தெளிவாக வடிந்திருந்தது. அங்கிருந்து மெல்லிய குழாய்கள் மண்ணுக்கடியில் ஒவ்வொரு பாத்திக்கும் போயின.

அதுவரை அவன் முகத்தைப் பார்த்து நின்ற சாரதாமணி, அவன் போனை எடுத்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மேனேஜருங்களா, வண்டி வேண்டாமுங்க. தண்ணி கெடச்சிருச்சு."

"தண்ணியா? எத்தன அடியிலப்பா?"

"மூணு அடியிலங்க. ஊட்ல குளிக்கற தண்ணிதானுங்க. போன வருசம் நான் தோண்டிப் போட்ட சல்லியில வடிஞ்சு வருதுங்க."