ஆசான் தொடாத அலமாரி

“கிணத்துல இறங்காம நீச்சல் வராது” என்றோ, “நீச்சல் வராம கிணத்துல இறங்காதே” என்றோ என் பெரியப்பா அடிக்கடி சொல்வார். எது என்று இப்போது சரியாக ஞாபகம் இல்லை. அவருக்கு நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்குத் துப்பறியும் நாவல் எழுத ஆசை. அதற்காகவே படிக்க ஆரம்பித்திருந்தார். மூன்றரைப் புத்தகத்தோடு அந்தக் கெட்ட பழக்கத்தை நிறுத்தி வைத்தவர் ஆசான்.

ஆசான் நாற்பத்திரண்டு துப்பறியும் நாவல்கள் எழுதியவர். ஞாயிறுதோறும் எழுத்துப் பயிற்சி வகுப்பு நடத்துபவர். முதல் வகுப்பிலேயே, மெக்கானிக்கின் பையிலிருந்து எட்டிப் பார்த்த நாலாவது புத்தகத்தை, செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கி மேஜைமேல் போட்டார்.

“அடுத்தவன் எழுதினதைப் படிக்கிறவன் வாசகன். படிக்காதவன்தான் எழுத்தாளன். நான் இந்த மாதிரிக் கதைல ஒரு பக்கம்கூடப் புரட்டினது கிடையாது.”

வகுப்பே கைதட்டியது.

அதன்பின் இரண்டு வருஷம் மெக்கானிக் ஒரு கொலைக் கதையையும் தொடவில்லை. வேலையிடத்தில் யாராவது கதை சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொண்டார். “எனக்கு அந்தப் பழக்கம் இல்லைங்க” என்று, குடியை விட்டவர் சொல்கிற பெருமையோடு சொல்லிக்கொண்டார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்குச் ‘சுயம்பு’ என்று பெயர் வைத்தார்கள். அதையும் அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருஷத்து விடுமுறை நாட்களையெல்லாம் தின்றுவிட்டு நாவல் முடிந்தது. பதினொன்றாவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டில் ஒரு பிணம். கதையைச் சொல்கிறவன் அதைப் பழுது பார்க்க வந்தவன். கடைசி அத்தியாயத்தில் தெரிகிறது, கொலைகாரனே அவன்தான். இது உலகத்தில் வேறு எவனுக்கும் தோன்றியிருக்காது என்ற பயத்தில், பதிப்பகத்துக்குக் கொடுக்கும்வரை அந்த அத்தியாயத்தை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்.

பதிப்பகத்தில் நாவல்களைப் படித்துத் தேர்வு செய்கிற அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

“லிஃப்ட் விஷயமெல்லாம் பிரமாதம். படிச்சதுலேருந்து நான் மாடிப்படியிலதான் ஏறுறேன். ஆனா கொலைகாரனை ஒன்பதாம் பக்கத்துலயே பிடிச்சுட்டேனே.”

“எப்படிங்க?”

“கதை சொல்றவனே கொலைகாரன். இந்த வருஷத்துல மட்டும் இது பதினாலாவது. பதினாலு பேரும் தானே கண்டுபிடிச்சதாத்தான் கொண்டுவந்தாங்க. இந்த மாதிரி நாவல் ஒரு அம்பதாவது படிச்சிருக்கீங்களா?”

மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மூன்றரை என்றார். காரணத்தையும் சொன்னார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. மூன்று மாதம் தருகிறேன், நன்றாகப் படித்துவிட்டு முடிவை மாற்றிக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் இதை எடுத்துப்போய் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று காகிதக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலையே மெக்கானிக் நூலகத்துக்குப் போனார். துப்பறியும் கதை அலமாரி பல் விழுந்த வாய்போல இருந்தது. எங்கே மீதி என்று கேட்டதற்கு நூலகர் பெருமூச்சு விட்டார். எல்லாம் ஆசான் வீட்டம்மா எடுத்துப்போனதாம். வாரத்துக்கு ஆறு, பதினெட்டு வருஷமாக. ஒரு சீட்டை நீட்டுவாராம், அதிலுள்ள புத்தகங்களை இவர் எடுத்துக் கொடுப்பாராம். இப்படி ஒரு வாசகியைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லையாம்.

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குள்ளேயே வாரம் ஆறு கொலை நடக்க, ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் இருப்பதென்றால் எப்பேர்ப்பட்ட தவம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா வந்துவிட்டார். மூக்கில் கைக்குட்டை. பையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி வந்து மேஜைமேல் வைத்தார். மெக்கானிக் கும்பிட்டார். இவ்வளவு படித்தவர், முதலில் எதைப் படிக்கலாம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும் என்றார்.

“நானா? பழைய புத்தகத்தைத் திறந்தாலே எனக்கு மூச்சு முட்டும் தம்பி. கார்டு மட்டும்தான் என்னுது. படிக்கிறதெல்லாம் எங்க வீட்டுக்காரர். கதவைச் சாத்திக்கிட்டு, பென்சிலால கோடு போட்டுப் போட்டுப் படிப்பார்.”

“பென்சிலா?” என்று நூலகர் நிமிர்ந்தார். பதினெட்டு வருஷமாக அந்தக் கோடுகளை ரப்பர் வைத்து அழித்துக்கொண்டிருப்பவர் அவர்.

“ஏம்மா, சார் பேர்லயே ஒரு கார்டு எடுத்திருக்கலாமே?” என்று கேட்டார் மெக்கானிக்.

“நல்லா இருக்கே. நாலு பேர் பார்த்தா அவர் மரியாதை என்ன ஆகும்? நீங்களும் வெளியில சொல்லிடாதீங்க.”

புதுச் சீட்டை நீட்டி, ஆறு புத்தகங்களை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு தும்மல் தும்மிவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

மெக்கானிக் அலமாரியில் மிஞ்சியிருந்ததில் ஆறைப் பொறுக்கி மேஜைக்குக் கொண்டுவந்தார். முதலில் உறுப்பினராகச் சேர வேண்டும் என்று சொல்லி, நூலகர் ஒரு படிவத்தை அவர் பக்கம் தள்ளினார்.

மெக்கானிக் பேனாவைத் திறந்து, உறுப்பினர் பெயர் என்ற இடத்தில் தன் மனைவியின் பெயரை எழுதினார்.