புது ஐரிஸுக்கு ஒரு பேர்

“இந்தப் புது ஐரிஸ் பூச்செடிக்கு உங்க பேரைத்தான் வைக்கணும், சார்.”

பேராசிரியருக்குப் புகழாசை அதிகம், பேர் வைக்கிற பேச்சை மட்டும் அவரிடம் எடுத்துவிடாதே என்று சீனியர்கள் ஆய்வு மாணவியான அவளிடம் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கோ முகமெல்லாம் பல். “தன் பேரைத் தானே வெச்சுக்கக் கூடாதும்மா. நம்ம துறையே கைகொட்டிச் சிரிக்கும்.”

“நீங்க வைக்கல, நான் வைக்கிறேன். காட்டுல கண்டுபிடிச்சது நான்தானே?”

“அது சரி. ஆனா உங்க அம்மா பேரை வைக்கப்போறேன்னு ஆய்வகம் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சியே?”

“ஆசைதான் சார். வீட்டுல நான்தான் முதல் பட்டதாரி. எங்கம்மா பேர் வேற எங்க அச்சாகப் போகுது?”

மேசைமேல் அந்தச் செடிகள் கிழங்கும் வேருமாகக் காய்ந்து, தாள்களில் ஒட்டிக் கிடந்தன. பூவின் ஊதா வெளுத்துவிட்டது. இதழின் அளவும் மரபணுவும் ஒரே முடிவைத்தான் சொல்லியிருந்தன: இது யாரும் அறியாத புது இனம்.

“அப்புறம் ஏன் என் பேரு?”

“மரபணுச் சோதனைக்குத் துண்டு இலை போதும், பூவை அங்கேயே அளந்துக்கலாம்னு கெஞ்சினேன். நீங்க ஆள் வெச்சு அங்க இருந்த அத்தனையையும் கிழங்கோட பிடுங்கினீங்க.”

“அந்த மலைக்காட்டுல வேற எங்கயாவது இருக்கும்மா.”

“இந்தப் பூக்காலம் பூரா தேடிட்டேன். ஒண்ணுகூட இல்ல. அந்த இனமே இப்ப இந்த மேசையில கிடக்கிறதுதான்.”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

“செத்துப்போனதுக்கு எங்கம்மா பேர் எதுக்கு சார்?” அவள் பையிலிருந்து ஆய்வகச் சாவியை எடுத்தாள். “கொன்னவர் பேரே இருக்கட்டும். காலையிலேயே அந்தப் பேரைப் போட்டுக் கட்டுரையைத் தாவரவியல் பத்திரிகைக்கு அனுப்பிட்டேன்.”

சாவியைக் காய்ந்த பூக்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் வெளியே நடந்தாள்.