திரும்பவும் எஃப் இருபத்திரண்டு

“ஏன் புள்ள, வீட்டுக்குள்ளயும் தொப்பி போட்டிருக்காய்?”

லண்டனில் இருக்கும் மகள் சர்மிளாவை வீடியோ அழைப்பில் பார்த்ததும் பீற்றர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவள் ஸ்வெட்டருக்கு மேல் போர்வையும் போர்த்தியிருந்தாள். இங்கே தன்னாமுனையில் மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் இடுப்பில் வெறும் சாரத்தோடு மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்திருந்தார்.

“ஒண்டுமில்லப்பா. பொயிலர் நிண்டுட்டு. வீடு குளிருது.”

அவ்வளவுதான், மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். லண்டனில் முப்பது வருடம் வீட்டுக்கு வீடு போய், வீட்டைச் சூடாக்கும் பொயிலர்களைத் திருத்தியவர். ஓய்வு பெற்று ஊரோடு வந்த பிறகு, தன்னாமுனையில் யாருக்குத்தான் பொயிலர் வேண்டும்? பாவம், கை துருதுருத்துக்கொண்டே இருந்தது.

“என்ன இலக்கம் காட்டுது?”

“எஃப் இருபத்திரண்டு.”

“சும்மா விசயம். தண்ணி அமுக்கம் குறைஞ்சா அது வரும். முதல்ல சொல்லு, காஸ் மணம் வருதா? வந்தா ஒண்டையும் தொடப்படா. வெளிய போய் நிண்டுதான் ஆக்களக் கூப்பிடோணும்.”

“மணம் ஒண்டும் இல்லப்பா.”

“அப்ப பொயிலருக்குக் கீழ இருக்கிற பைப்பத் திறந்து, அமுக்கம் காட்டுற முள்ளு ஒண்டரைக்கு வரும்வரைக்கும் தண்ணிய விடு. இதுக்கெல்லாம் இஞ்சினியர் தேவையில்ல.”

“நான் கூப்பிட்டுட்டன். பின்னேரம் வாறாராம்.”

“இதுக்கா!”

“இஞ்ச பாருங்க, புள்ளைய விடுங்களன். அது சமாளிச்சுக்கொள்ளும்” என்று அடுப்படியிலிருந்து மனைவி எமிலியின் குரல் வந்தது. அவள் வாவி இறாலை உரித்துக்கொண்டிருந்தாள்.

அடுப்படிப் பக்கம் பார்த்துப் பீற்றர் சிரித்துவிட்டார். “உன்ட அம்மாட பொயிலரும் இப்படித்தான் மகள். என்ட சீவியத்தில எனக்குப் பிடிபடாமப் போன ஒரே பொயிலர் அது.”

“தெரியும்பா. எத்தினை தரம் சொல்லுவீங்க?”

“கேளு. அம்மா லண்டனுக்கு வந்த புதுசு. ஒரு மாடி அறையில தனிய இருந்தவ. அப்ப இந்த இலக்கமெல்லாம் இல்ல, ஒரு சிவப்பு லைட்தான். முதல் தரம் போய் பம்ப மாத்திக் குடுத்தன். அடுத்த கிழமையும் சிவப்பு லைட். அதுக்கடுத்த கிழமையும். ஒரு பழுதும் இல்ல, ஆனாத் தண்ணி குறையும்!”

அவர் குரல் இளகிப்போயிருந்தது. “வெளிய பனி கொட்டும். அறை சூடாகிற வரைக்கும் இஞ்சிப் பிளேன்டீயக் குடிச்சிட்டு வாவியப் பத்தியும், நண்டுக் கறியப் பத்தியும் கதைப்பம். ரெண்டு பேருக்கும் ஊருக்குப் போக வழியில்லாத காலம். அவட கதையில ஊர் மணக்கும் புள்ள. கலியாணம் கட்டின பிறகு அந்தப் பொயிலர் ஒரு நாளும் நிக்கல்ல. இண்டைக்கும் எனக்கு அது விளங்கல்ல.”

“உங்கட திறப்பும் அங்கதானே துலைஞ்சது?”

“ஓம், முதல் நாளே! சுவர்ல இருக்கிற சுடுதண்ணி றேடியேட்டர்ர ஸ்குறூவத் திருகிக் காத்து எடுக்கிற சின்னப் பித்தளைத் திறப்பு. பிடியில சிலுவை கீறி வெச்சிருந்தன். கட்டிலுக்குக் கீழயெல்லாம் அம்மாவும் குனிஞ்சு தேடினவ.”

அடுப்படியில் எமிலி இருமினாள்.

“அது கிடக்கட்டும். உன்ட இஞ்சினியர் ஆரு?”

“றொனால்ட் எண்டு ஒருத்தர். தாய் தகப்பன் நம்மட பக்கம், புளியந்தீவாம்.” சர்மிளா தொப்பியைக் கழற்றித் தலையைச் சரிசெய்துகொண்டாள்.

“எத்தினையாம் தரம் வாறான்?”

“மூணாம் தரம்.”

பீற்றரின் சிரிப்பு நின்றுபோனது. “மூணு தரமும் இதே இலக்கமா? நிலத்தில எங்கயும் ஈரம் இருக்கா?”

“இல்லப்பா.”

“அப்ப லீக் இல்ல. றேடியேட்டர்ர ஸ்குறூவத் திறந்து ஆரோ தண்ணிய விடுறாங்க. அதுக்குத் திறப்பு வேணும். அது அவனிட்டத்தான் இருக்கும். திருப்பித் திருப்பி வந்து காசு பறிக்கத் திறந்து விட்டுட்டுப் போறான், கள்ளப் பயல்!”

“அப்பா, அவர் அப்படியான ஆள் இல்ல.”

“உனக்கென்ன தெரியும்? குளிர்ல புள்ள நடுங்குது, அவன் விளையாடுறானா? அவன்ட முதலாளி என்னோட வேல செஞ்சவன்தான். இப்பவே எடுக்கிறன். அவன்ட வேலையக் கழட்டி விட்டுட்டுத்தான் எனக்குச் சோறு!”

“ஐயோ வேணாம்பா! அவர் பாவம். அவர் திறக்கல்ல.”

“அப்ப ஆரு திறந்த? திறப்பில்லாமத் திறக்கேலாதே!”

சர்மிளா முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். அடுப்படியில் இறால் உரிக்கும் சத்தம் நின்றிருந்தது. பீற்றர் முதலாளியின் எண்ணைத் தேடத் தொடங்கியதும் சர்மிளா பதறிப்போய், எதையோ எடுத்துக் கமராவுக்கு முன்னால் நீட்டினாள்.

சின்னப் பித்தளைத் திறப்பு. பிடியில் கோணலாக ஒரு சிலுவை.

“இது… இது என்ட திறப்பெல்லோ! உன்னிட்ட எப்படி வந்த?”

“நான் தனி வீட்டுக்கு வரக்குள்ள அம்மாதான் தந்தவ. நல்ல பொடியன் ஆரும் பொயிலர் திருத்த வந்தா உதவும் எண்டவ.”