காலை ஊசி

எஃகு மேசையில், விரித்த பச்சைத் துண்டின் மேல் பூனை துவண்டு கிடக்கிறது. டியூப்லைட் விடாமல் இரைகிறது. மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை இல்லாத கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் நின்று டாக்டரிடம் மட்டும் பேசுகிறார்கள். “சர்க்கரை ஏறியிருக்கும் டாக்டர், டோஸைக் கூட்டுங்க” என்கிறான் அவன். “இந்த மனுஷன் பேச்சைக் கேக்காதீங்க, அட்மிட் பண்ணிடுங்க” என்கிறாள் அவள். டாக்டர் பூனையின் காது மடலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைக்கிறார். எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறுகிறது. “சர்க்கரை அடியோட இறங்கிடுச்சு. காலைல இன்சுலின் போட்டது யாரு?” “நான்தான்!” என்று இருவரும் ஒரே நேரத்தில் முந்துகிறார்கள். டாக்டர் அதற்குமேல் யாரையும் கேட்காமல் குளுக்கோஸ் ஏற்றத் தொடங்குகிறார். “சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?” என்கிறாள் அவள், மூன்று நாளில் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்து.