மூன்றாவது திருத்தம்

இரண்டாவது திருத்தத்தை அனுப்பி முடித்தபோது மணி இரண்டே முக்கால்.

பல்கலைக்கழகத்தின் மூளை அறிவியல், மனநலத் துறையின் வாராந்திரச் செய்திமடல். வியாழக்கிழமைதோறும் நாலாயிரம் பேருக்கு மின்னஞ்சலில் போகிறது. அதைத் தொகுப்பது நான் ஒருத்திதான். திட்டு வாங்குவதும் நான் ஒருத்திதான்.

முதல் திருத்தம் ‘முன்மூளை’ பேராசிரியரின் புகைப்படத்துக்காக. அவர் ஆராய்வது மூளையின் முன்பகுதியை. அலுவலகத்தில் அதுவே அவர் பெயராகிவிட்டது. அவருடைய விருதுச் செய்தியில் போன வாரப் பேச்சாளரின் படம் இருந்தது. இரண்டாவது திருத்தமும் அவருக்காகத்தான். படத்தை மாற்றியவள், படத்துக்குக் கீழே இருந்த பெயரை மாற்ற மறந்துவிட்டேன்.

தப்பு என்மேல்தான். இல்லையென்று சொல்லவில்லை. புது மடல் என்று ஒன்று கிடையாது. போன வார மடலைத் திறப்பேன், பழையதை அழிப்பேன், புதியதை அதன் இடத்தில் ஒட்டுவேன். மாறாத பகுதிகள் பக்கமே போக மாட்டேன். முப்பது பேர் முப்பது விதமாகச் செய்தி அனுப்பினால் வேறு எப்படிச் செய்வதாம்?

ஒருவருக்குத் தன் படம் பெரிதாக வேண்டும். இன்னொருவருக்குத் தன் செய்தி முதலில் வர வேண்டும். மனித மனத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். ஆனால் பக்கத்து அறைக்காரரின் படம் ஒரு விரற்கடை பெரிதாக இருந்துவிட்டால் தாங்க மாட்டார்கள்.

துறைத்தலைவர் என் அறை வாசலுக்கே வந்துவிட்டார்.

“இன்னொரு திருத்தம் போச்சுன்னா மடலை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்.”

ஆறு வருடமாக இவர்களைக் கட்டி மேய்த்ததற்குக் கிடைத்த நன்றி. என்ன குறை சொன்னாலும் அது என் மடல். அழுகை வந்தது. ஆத்திரம் முந்திக்கொண்டதால் அழவில்லை.

மூன்று மணிக்கு மேசைத் தொலைபேசி அடித்தது.

எடுக்காமலே தெரியும். ‘வியாழக்கிழமை’. அவருக்கு நான் வைத்த பெயர். மடலின் வடிவத்தை மாற்றிய வாரத்திலிருந்து, மூன்று மாதமாக, வியாழன் தவறாமல் இந்த நேரத்துக்கு அழைக்கிறார். தன் பெயரைச் சொன்னதில்லை.

முதல் முறை, பேசலாமா என்று கேட்டார். எந்த நிகழ்ச்சியைப் பற்றி, சீக்கிரம் சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் தடுமாறினார். பிறகு, இந்த வாரம் என்னென்ன நடக்கிறது என்றார். அன்றிலிருந்து அதே கேள்விதான். நானும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். போன வாரம் தனிமையும் மூளையும் பற்றிச் சொற்பொழிவு. அதற்கு முந்தின வாரம், பிறர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று ஒரு பயிலரங்கு. அதற்கு இருநூறு பேர் முண்டியடித்துக்கொண்டு பதிவு செய்திருந்தார்கள். எல்லாவற்றையும் கடைசிவரை கேட்பார். சரிங்க என்று வைத்துவிடுவார். எந்த அறை, எத்தனை மணி என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இன்றும் அதே கேள்வி. எரிகிற நெருப்பில் எண்ணெய்.

“எல்லாம் மடல்லயே இருக்கே, படிக்கக் கூடாதா? பேசறதுக்கு வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?”



“இல்லைங்க,” என்றார். வைத்துவிட்டார்.

தொல்லை விட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அன்றைக்கு நான் திருப்பித் திட்ட முடிந்த ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த தப்பை முன்மூளை கண்டுபிடிப்பதற்குள் நானே கண்டுபிடித்துவிட வேண்டும். மடலை முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். விருது சரி. புதிய ஆய்வு சரி. அடுத்த வாரச் சொற்பொழிவு, தேதி, கிழமை, எல்லாம் சரி.

அடியில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். வாராவாரம் மாறாததால் நான் திரும்பிப் பார்க்காத கட்டம்.

மனசு சரியில்லையா? யாரிடமாவது பேச வேண்டும்போல் இருக்கிறதா? வியாழன்தோறும் மூன்று முதல் ஐந்து மணி வரை அழையுங்கள். பெயர் சொல்ல வேண்டாம். கேட்க ஒருவர் இருப்பார்.

அதற்குக் கீழே ஒரு தொலைபேசி எண்.

புது வடிவம் போட்ட அன்று ஆலோசனை மையத்தின் எண் கைக்கு வந்திருக்கவில்லை. இடம் காலியாகத் தெரிகிறதே என்று அப்போதைக்கு ஏதோ ஒரு எண்ணைப் போட்டேன். வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான். யாருமே கூப்பிடுவதில்லை, ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று போன மாதம் மையத்தில் சொன்னபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அது என் மேசை எண்.

யார் அழைத்தது என்று காட்டாத பழைய தொலைபேசி இது. திருப்பி அழைக்க வழியில்லை.

மூன்றாவது திருத்தத்தை அடித்தேன். மையத்தின் சரியான எண்ணைப் போட்டேன். கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். இன்று மூன்று மணிக்கு அழைத்தவர், தயவுசெய்து பழைய எண்ணிலேயே மறுபடி அழையுங்கள். நான் மேசையில்தான் இருக்கிறேன்.

நாலாயிரம் பேருக்கும் அனுப்பினேன்.

இரண்டே நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

துறைத்தலைவர். அவ்வளவு சொல்லியும் மூன்றாவது திருத்தமா என்று கத்த ஆரம்பித்தார்.

“சார், ஃபோனை வைங்க. லைன் காலியா இருக்கணும்,” என்றேன்.