ஒன்பதாம் நாள் பால்

பாலிலிருந்து மணிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

ஊறிய ஜவ்வரிசி போல இருந்தன. ஹைட்ரோஜெல் மணிகள். அவளே ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வார்த்தவை. பாலில் கிடந்து உப்பும். கொழுப்பைத் தொடாது. பாலில் கலந்திருக்கும் மருந்தை மட்டும் தேடிப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும்.

பால் இசக்கியம்மாளுடையது.

இசக்கியம்மாள் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். நிறுத்த முடியாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. பாலில் எவ்வளவு மருந்து இறங்குகிறது என்று தெரியும்வரை கொடுக்க வேண்டாம் என்றிருந்தார் டாக்டர்.

தினமும் காலையில் பீய்ச்சிய பாலோடு வந்து நிற்பாள்.

"எம் பாலு பாஸாயிட்டாக்கா?"

மூன்றாம் நாளே மருந்தளவின் எண் வந்துவிட்டது. மிகக் குறைவு. கொடுக்கலாம்.

மணிகளை வார்த்தவளுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. புது முறை. இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

பிறகு இன்னொரு தடவை.

ஒன்பதாம் நாள், எல்லா எண்களும் ஒத்துப்போயின.

தாளில் கையெழுத்துப் போடும்போது இசக்கியம்மாள் உள்ளே வந்தாள். கையில் புட்டி. கையெழுத்துப் போட்டவள் எழுந்தே விட்டாள்.

"குடுக்கலாம் இசக்கி. பயப்படவே வேண்டாம். இப்பவே போய்க் குடு."

இசக்கியம்மாள் தாளை வாங்கினாள். எழுத்துக்கூட்டிக் கடைசி வரிவரை வாசித்தாள். நான்காக மடித்து இடுப்பில் செருகினாள்.

அப்போதுதான் அவள் பார்த்தாள். இசக்கியம்மாளின் மணிக்கட்டில் வார்டு நம்பர் எழுதிய பட்டையைக் காணோம். அது இறுக்கிய தடம் மட்டும் இருந்தது.

"புள்ள நேத்து சாயங்காலம் போயிட்டான்க்கா."

மேசையில் மணிகள் காய்ந்து சுருங்கத் தொடங்கியிருந்தன.

"பாலு மட்டும் நிக்க மாட்டேங்கு." புட்டியை நகர்த்தினாள். "பக்கத்துப் பெட்டில ஒரு புள்ள கெடக்கு. தாயில்லாத புள்ள. அதுக்குக் குடுக்கலாம்லா?"

தெரியவில்லை. டாக்டரைக் கேட்க வேண்டும். அந்தப் பிள்ளையின் வீட்டாரைக் கேட்க வேண்டும்.

இன்றே கேட்க வேண்டும்.

புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள்.

பின்னால், வெகு மேலேயிருந்து, இசக்கியம்மாளின் குரல் வந்தது.

"மெதுவாப் போங்கக்கா. எனக்கு வயித்துத் தையலு இழுக்கு."