கதவுக்குத் தெரிந்த கணவன்

முகத்தையும் குரலையும் எவன் வேண்டுமானாலும் போலி செய்துவிடுவதால், மாசிலாமணி வீட்டுக் கதவு ஆளைக் குணத்தை வைத்துத்தான் அடையாளம் காணும். அவர் தினமும் "ஏய், தொறடி!" என்று கத்திக்கொண்டே கதவை உதைப்பார். அதுவும் சமர்த்தாகத் திறக்கும்.

அன்று காலை, உப்பில்லை என்று சட்னிக் கிண்ணத்தைச் சுவரில் அடித்துவிட்டுப் போனவருக்கு, மாலைக்குள் மனசு உறுத்தியது. பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்து, வாசலில் நின்று, மனைவியைக் கல்யாணமானதிலிருந்து முதல்முறையாகப் பெயர் சொல்லி அழைத்தார்.

"திலகவதி, காலைல நான் பண்ணது தப்பும்மா. மன்னிச்சுரு."

கதவு தாழை இன்னும் இறுக்கிக்கொண்டது. "வீட்டுக்காரர் இப்படிப் பேசியதே இல்லை. இது போலி ஆசாமி. போலீசுக்குச் சொல்லட்டுமா அம்மா?"

ஓர் உதை விட்டால் திறந்துவிடும். மாசிலாமணி காலைத் தூக்கினார். கொஞ்சம் யோசித்துவிட்டு இறக்கிக்கொண்டார்.

உள்ளே திலகவதி திரையில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நீ சொல்றது சரிதான், இது எங்க வீட்டுக்காரர் இல்ல," என்றாள். "ஆனா இவரையே உள்ள விடு. பழைய ஆள் வந்தா போலீசுக்குச் சொல்லு."